கடைசியாக வந்த மூன்றாம் எண்

ஹட்டன் போகும் வழியில், கினிகத்தேனையில் ஒரு தேநீர்க் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். வெளியே தூறல். கண்ணாடி அலமாரியில் வடை ஆறிக்கொண்டிருந்தது. என் முன்னால் பால் விடாத ஒரு பிளேன்டீ, அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். காகிதம் முழுக்க எண்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

கல்லாவில் இருந்த கடைக்கார நானா எட்டிப் பார்த்தார். “என்ன மேடம், லொத்தர் விழுந்துச்சா?”

“இல்ல நானா. கள்ள ஓட்டுப் போட்டவங்களைக் கண்டுபுடிச்சிட்டேன்.”

“யா அல்லாஹ்! யாரு?”

“எங்க ஆளுங்கதான்” என்றேன். சிரித்த வாயோடு நான் அழுவதைப் பார்த்து அந்த மனிதர் பயந்துபோய், ஒரு கோப்பை தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

கம்பி சுற்றியது போதும்

சென்ற வாரம் இந்தத் தொடரில், தொலைக்காட்சியில் சேர்ந்த புதிதில் ஒலிவாங்கிக் கம்பி சுற்றிக்கொண்டு திரிந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். நாவலப்பிட்டி வாசகர் ஒருவர், “பெரிய பதவியில் இருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். கம்பி சுற்றியதையே எத்தனை வாரம் எழுதப் போகிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சரி ஐயா, பதவிக்கு வருகிறேன்.

பத்து நாடுகளின் தமிழ்த் தொலைக்காட்சிகள் சேர்ந்து நடத்திய பாட்டுப் போட்டி அது. நாட்டுக்கு ஒரு பாடகர். ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டில் மேடை. எல்லா வருடமும் நிர்வாக மேற்பார்வையாளர் நான்தான். பெயர் பெரிதாக இருக்கிறது, இல்லையா? வேலையைச் சொல்கிறேன். கனடாவிலிருந்து வந்த மிருதங்கத்தைச் சுங்கத்தில் போய் மீட்பது. மூன்றரை நிமிடத்துக்கு மேல் பாடக் கூடாது என்று பிரான்ஸ்காரப் பையனின் அம்மாவோடு மல்லுக்கு நிற்பது. மேடையில் விளக்கு அணைந்தால் ஏச்சு வாங்குவது. எல்லாம் நன்றாக நடந்தால், நன்றி சொல்லும்போது பதினோராவதாக என் பெயர் வரும். அதையும் பாதியில் விளம்பரம் விழுங்கிவிடும்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையை நான் உயிராக நேசித்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் பத்து நாட்டுக்காரர்களிடம் “அமைதி, இன்னும் ஐந்து நொடி” என்று சொல்ல, அத்தனை பேரும் வாயை மூடுவார்கள். அந்த ஐந்து நொடிக்காகவே எத்தனை ஏச்சும் வாங்கலாம்.

அந்த வருடம் மேடை கொழும்பில். எங்கள் நாட்டுப் பாடகி தர்ஷினி. (இது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல.) றொசல்ல ரயில் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் வரும் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவரின் மகள். நான் பிறந்தது வேறு தோட்டம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறும் ரயில் தண்டவாளமும் இருக்கின்றன.

அவள் திறந்த தேர்வில், நூற்றுக்கணக்கான பேரைத் தாண்டி வந்தவள். அதில் எனக்குத் துளி பங்கும் இல்லை. அப்படி இருந்தும், சொந்த ஊர்ப் பெண்ணைக் கொண்டுவந்துவிட்டாள் என்பார்களோ என்று எனக்குப் பயம். ஒரு நாள் ஒத்திகையில் பக்கத்தில் வந்து, “மேடம், நீங்களும் ஹட்டன் பக்கம்னு அம்மா சொன்னாங்க” என்று சிரித்தாள். நான், “ஒத்திகைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தேன். போனில் ஒன்றும் இல்லை.

மனிதர்கள் போட்ட ஓட்டா இது?

போட்டி சனிக்கிழமை. முடிவு அறிவிப்பு ஞாயிறு மாலை. பாடி முடிந்ததும் பதினைந்து நிமிடம் நேயர்கள் குறுஞ்செய்தியில் வாக்களிக்க வேண்டும். ஒரு தொலைபேசிக்குப் பத்து ஓட்டு. பத்தையும் ஒருவருக்கே போடலாம், பிரித்தும் போடலாம். பாடகர்களுக்கு ஒன்று முதல் பத்து வரை எண். தர்ஷினியின் எண் மூன்று.

வாக்குகளைச் சரிபார்ப்பவர் சிங்கப்பூரைச் சேர்ந்த கதிரவன். நிதானமான மனிதர். அன்று இரவே அவர் என்னை அழைத்தபோது குரல் சரியில்லை.

“மேடம், றொசல்ல பக்கத்துல ஒரே சிக்னல் கோபுரம் வழியா முந்நூறு சொச்சம் போன்ல இருந்து ஓட்டு வந்திருக்கு. எல்லா போனும் ஒரே நேரத்துல ஒண்ணாம் நம்பருக்கு அனுப்புது. கொஞ்சம் நிக்குது. அப்புறம் எல்லாமே ரெண்டாம் நம்பருக்கு. இது மனுஷங்க போட்ட மாதிரி தெரியல. யாரோ மெஷின் வச்சுப் பண்ணியிருக்காங்க.”

“இப்ப என்ன செய்யணும்?”

“விதி உங்களுக்கே தெரியும். நாளைக்கு மூணு மணிக்குள்ள விளக்கம் கிடைக்கலேன்னா அந்த ஊர்ப் போட்டியாளரை நீக்கணும்.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எந்த ஊரு மேடம்?”

“ஹட்டன்.”

கொழும்புக்காரருக்கே ஹட்டன் என்றால் எல்லாம் ஒரே லயம். சிங்கப்பூர்க்காரரிடம் ஆற்றையும் தண்டவாளத்தையும் எங்கே போய் விளக்குவது?

என் வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெண்ணை நீக்கினால், ‘கள்ள ஓட்டுக்காரி’ என்ற பெயரோடு அல்லவா அவள் மலை ஏற வேண்டும்? “நானே நேரில் போய்ப் பார்க்கிறேன்” என்றேன். பொழுது விடிந்ததும் கொழும்பிலிருந்து வான் வண்டியில் ஏறினேன்.

அப்படித்தான் கினிகத்தேனைக் கடையில் அந்தப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் எடுத்து விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. மூன்றைக் காணோம். கடைசிப் பக்கங்களில், நேரம் முடிந்த பிறகு வந்து செல்லாமல் போன ஓட்டுகளின் பட்டியல் இருந்தது. அங்கே கிடந்தது அந்த மூன்று. அடுத்த போனும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

போனில் அழைத்துச் சொன்னதும் கதிரவன் தன் பட்டியலில் அதைப் பார்த்து, தர்ஷினிக்கு ஓட்டுப் போகாமல் தடுக்க யாரோ செய்த சூழ்ச்சியாகவும் இருக்கலாம் என்றார். எனக்கு அப்பாவின் கத்தி ஞாபகம் வந்தது.

நான் வெட்டினேன்ல

எங்கள் லயத்தில் தீபாவளிக்கு எல்லோரும் சேர்ந்து ஆடு வெட்டுவார்கள். பங்கு பிரிப்பவர் எங்கள் அப்பா. சாக்கை விரித்து வாழை இலை போட்டு, ஒவ்வொரு வீட்டுக் காம்பராவுக்கும் ஒரு பங்கு என்று வரிசையாகக் கூறு வைப்பார். யார் வீட்டுக்காவது விருந்தாளி வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு கூறு உண்டு. முதலில் எடுப்பது விருந்தாளி. கடைசியில் எடுப்பது பங்கு பிரித்தவர்.

கடைசிப் பங்கில் என்ன இருக்கும்? எலும்புதான். ஒரு தீபாவளிக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. சட்டியில் மிதந்த எலும்பைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. “ஊருக்கெல்லாம் கறி, நமக்கு மட்டும் எலும்பா?” என்று கத்தினேன். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. “நான் வெட்டினேன்ல” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்பாவை ஏமாளி என்று நினைத்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, சுற்று வட்டாரம் முழுக்க இதுதான் வழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரட்டுக் களத்தில்

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது தூறல் விட்டிருந்தது. வான் வண்டியைப் பார்த்ததும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தோட்டத் தலைவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டிய, கணீர்க் குரல் மனிதர். அவருக்குப் பின்னால் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு தர்ஷினியின் அம்மா புஷ்பராணி. (இதுவும் மாற்றிய பெயர்தான்.)

விஷயத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. “நேத்து எப்படி ஓட்டுப் போட்டீங்கன்னு பார்க்க வந்தேன். பத்திரிகைக்குக் குடுக்கணும்” என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

தலைவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். “அதைக் கேளுங்க மேடம்! இங்க சிக்னல் கெடைக்கிறது பெரட்டுக் களத்துல மட்டுந்தான். பாட்டு முடிஞ்ச ஒடனே எல்லாப் பேரையும் போனோட அங்க வரச் சொல்லிட்டேன்.”

பெரட்டுக் களம் என்பது காலையில் வேலைக்கு ஆள் கூடி, பெயர் கொடுக்கும் இடம்.

“நானு ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டேன். ஒண்ணு! அனுப்பியாச்சா? ஆச்சுங்க. ரெண்டு! அனுப்பியாச்சா? ஆச்சுங்க. ஒரு ஆளுக்குப் போகலைன்னாலும் எல்லாரும் நிக்கணும். ஆளாளுக்கு முந்திக்கிட்டா சரி வராதுல்லங்க.”

“மூணாம் நம்பர்?”

“அது நம்ம புள்ளைங்க. கடைசி.”

“ஏன் தலைவரே? பத்து ஓட்டையும் நம்ம புள்ளைக்கே போடலாம்னு டீவியில சொன்னாங்களே?”

“சொன்னாங்க” என்றார், என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்து. “அவங்க சொல்லுவாங்க மேடம். அதுக்காக நாம செய்யலாமா? ஒம்போது புள்ளைங்க கடல் தாண்டி நம்ம நாட்டுக்கு வந்து பாடியிருக்குங்க. அதுங்கள வெறுங்கையோட அனுப்பவா?”

“அதுங்களும் ஒரு தாய் பெத்த புள்ளைங்கதானே” என்றார் புஷ்பராணி மெதுவாக.

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வயதில் வந்த அதே கோபம். ஐயோ, உங்களை யாரய்யா இப்படி இருக்கச் சொன்னது! முந்நூறு போன் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தைப் போட்டு நெரித்தால் செய்தி எப்படிப் போகும்? அதிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசி ஆள் வரை நின்றிருக்கிறார்கள். ஒன்பது எண்ணை முடிப்பதற்குள் பதினைந்து நிமிடமும் ஓடிவிட்டது. வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் முழுப் பங்கு. பெற்ற பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

தலைவர் தன் போனை என் கண் முன்னால் நீட்டினார். “இந்தா பாருங்க மேடம், கடைசி ஓட்டுக்குப் பதிலே வந்திருக்கு. போய்ச் சேந்திருச்சுன்னு.”

வாங்கிப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது, உங்கள் வாக்கு ஏற்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பதிலைத் தமிழிலும் அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனதே, அது என் குற்றம்.

நிமிர்ந்தேன். அங்கே நின்ற அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, உங்க போனையும் கொஞ்சம் காட்டுங்க” என்றேன் புஷ்பராணியிடம்.

“சார்ஜ் இல்லீங்க மேடம்” என்று அவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அவசரமாக, “தலைவரு சொல்றது சரிதானுங்களே? போய்ச் சேந்திருச்சுதானே?” என்றார்.

பாவம், ஒன்றும் தெரியாத சனங்கள் என்று நினைத்தேன். “ஆமாங்க, போய்ச் சேர்ந்திருச்சு” என்றேன்.

தலைவர் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“ஒன்னுது போச்சுல்ல?”

“போச்சுங்க தலைவரே.”

“ஒன்னுது?”

“போச்சுங்க.”

இன்னொரு தடவை

கதிரவனை அழைத்து விவரம் சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை. “மேடம், உங்களை நான் மதிக்கிறேன். ஆனா இதை நான் எப்படி அறிக்கையில எழுதறது?”

“ஒரு சோதனை எண் கொடுங்க. உங்க கண் முன்னால செய்து காட்டச் சொல்றேன்.”

பத்திரிகைக்காக இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னதும் மறுபடியும் ஆள் கூடியது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு வந்தார்கள். தலைவர் கல்லின் மேல் ஏறி நின்று குரல் கொடுத்தார். “ரெண்டாம் லயத்து ஆளுங்க எங்க? வந்தாச்சா? சரி. ஒண்ணாம் நம்பரு! அனுப்பு!”

என் காதில் கதிரவன். “வருது மேடம். ஒண்ணு... எல்லாமே ஒண்ணு.” பிறகு, “ரெண்டு.” பிறகு, “நாலு.” அதற்கப்புறம் அவர் எண்களைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் தலைவர் கூப்பிட்டார். “மூணாம் நம்பரு!”

அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த களம் அடங்கிவிட்டது. பெண்கள் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புஷ்பராணியும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். சார்ஜ் இல்லை என்று சொன்னாரே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

“மூணு வருது மேடம்” என்றார் கதிரவன். “வந்துக்கிட்டே இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “போதும். நான் எழுதிடறேன். மெஷின் இல்ல, மனுஷங்கதான்.”

தர்ஷினி தப்பித்தாள்.

ஆனால் கதிரவன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. “மேடம், விதியில இன்னொரு வரி இருக்கு. நெரிசலால தாமதமா வந்த ஓட்டை, மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தா சேர்த்துக்கலாம். நீங்க எழுதிக் கொடுத்தா நான் ஆட்சேபிக்க மாட்டேன்.”

“சேர்த்தா?”

“நோர்வே பொண்ணு ரெண்டாவது. உங்க பொண்ணு முதல்.”

எனக்கு அந்த வரி நன்றாகத் தெரியும். முந்தைய வருடம் மலேசியாவில், கனடாவிலிருந்து தாமதமாக வந்த ஓட்டுகளுக்கு அதே வரியின் கீழ் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையில் இருந்த தேநீர் ஆறுவதற்குள் போட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு நொடி யோசிக்கவில்லை.

களத்தைப் பார்த்தேன். புஷ்பராணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹட்டன்காரி ஹட்டன் பெண்ணுக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்தாள் என்று நாளைக்கு எழுதுவார்களே! இருபத்தைந்து வருடம் கம்பி சுற்றி, ஏச்சு வாங்கிச் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடுமே!

“வேண்டாம்” என்றேன்.

வான் வண்டியில் ஏறும்போது புஷ்பராணி பக்கத்தில் வந்தார். “இப்ப அனுப்புனது கணக்குல சேராதுல்லங்க மேடம்?”

“சேராதுக்கா.”

“சரிங்க” என்றார்.

மாலையில் நோர்வேப் பெண் முதலாவதாக வந்தாள். தர்ஷினி ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் திரைக்குப் பின்னால் நின்று, அடுத்த விளம்பரத்துக்கு எத்தனை நொடி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம்

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நோர்வேப் பெண்ணுக்குப் பாட்டுத் தொகுப்பு வந்தது, பத்து நாடுகளில் கச்சேரி கிடைத்தது. தர்ஷினி இப்போது ஹட்டனில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாண வீடுகளில் பாடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது அல்ல என்று எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்றாயிற்று. இந்தத் தொடரில் இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதுவது அயோக்கியத்தனம். அதனால் போன மாதம் புஷ்பராணியை அழைத்தேன்.

“அக்கா, உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும். அன்னைக்கு உங்க கடைசி ஓட்டு எதுவும் கணக்குல வரலை. போய்ச் சேர்ந்திருச்சுன்னு நான் பொய் சொன்னேன்.”

“தெரியுங்க மேடம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா?”

“எல்லா போனுக்குந்தானே அந்தப் பதிலு வந்துச்சு. படிச்ச புள்ளைங்க லயத்துக்கு லயம் இருக்குங்க. அன்னைக்கே வாசிச்சுச் சொல்லிருச்சுங்க. தலைவருக்கு மட்டும் யாரும் சொல்லல. நம்ம புள்ளைய கடைசியில வைங்கன்னு சொன்னது அவருதானே. தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. அதான் எல்லாரும் போச்சுன்னு சொல்லிட்டோம். நீங்க அவரு போனை வாங்கிப் பாத்தப்ப, எங்க சொல்லிப்புடுவீங்களோன்னு எங்களுக்கு உசுரே இல்ல.”

ஒன்றும் தெரியாத சனங்கள் என்று நினைத்தேனே! முந்நூறு பேர் ஒரு மனிதருக்காக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதற்கு நடுவில் நின்றுகொண்டு, நான் மட்டும்தான் ரகசியம் காக்கிறேன் என்று நினைத்திருக்கிறேன்.

“தலைவர் எப்படி இருக்கார்?”

“போன தையில தவறிட்டாருங்க. கடைசி வரைக்கும், ‘நம்ம எல்லா ஓட்டும் போய்ச் சேந்துச்சு, ஆனாலும் அந்த நோர்வே புள்ள நல்லாத்தான் பாடுச்சு’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

பிறகு மீதியையும் சொன்னேன். விதியில் இருந்த அந்த வரியை, கதிரவன் கேட்டதை, நான் வேண்டாம் என்றதை, முந்தைய வருடம் கனடாவுக்குக் கையெழுத்துப் போட்டதை. நானும் உங்கள் பக்கத்து ஆள் என்பதால்தான் பயந்தேன் என்று சொன்னேன். நம்மைக் கடைசியில் வைப்பதுதானே நம் வழக்கம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

அவர் முழுக்கக் கேட்டு முடித்தார்.

“இல்லீங்க மேடம்” என்றார் புஷ்பராணி. குரல் உயரவில்லை. “நாங்க எங்க கையில இருந்ததைப் பிரிச்சுக் குடுத்தோம். அது வேற. உங்க கையில இருந்தது எங்க புள்ளையோடது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கணும்.”

ஒன்று மட்டும் கேட்டேன்.

“இதையெல்லாம் பத்திரிகையில எழுதலாமாக்கா?”

“எழுதுங்க. தலைவருதான் இல்லையே, இனி யாரு வருத்தப்பட போறா? ஆனா நான் இப்ப சொன்னதையும் எழுதணும்.”

எழுதிவிட்டேன், அக்கா.